"புழுவே விழாது" என்று கொடுத்த கத்தரி விதை: இது பி.டி. கத்தரியா, நடலாமா, சாப்பிடலாமா?

கிணற்றடி (பாவூர்சத்திரம் பக்கம்):

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் கேட்க ஒரு விஷயம் வந்திருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கிணற்றுப் பாசனம். அப்பா வருஷா வருஷம் 60 சென்ட்டில் வெள்ளைக் கத்தரி போடுவார். நான் கோவையில் வேலை பார்க்கிறேன், மாதத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருவேன். போன வாரம் வந்தபோது மேட்டுப்பாத்தியில் புதுசாக ஏதோ விதைத்திருந்தார். கேட்டால் ஒரு கடையில் கொடுத்தார்களாம். பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். கம்பெனி பெயர் இல்லை, லாட் நம்பர் இல்லை, காலாவதி தேதி இல்லை. வெறும் பாலிதீன் உறை, ஸ்டேப்ளர் பின் அடித்தது, பத்துப் பத்து கிராமாக ஐந்து பாக்கெட். விலை வழக்கமாக வாங்குவதைப்போல மூன்று மடங்கு. "அண்ணாச்சி, இது பி.டி., வடக்கேயிருந்து வருது, காயில புழுவே விழாது, மருந்துச் செலவு பூரா மிச்சம்" என்று சொல்லியிருக்கிறார்கள். (பி.டி. என்றால் புழுவைத் தாங்கும்படி மரபணு மாற்றியது.) பில் கேட்டதற்கு "இதுக்கெல்லாம் பில் கிடையாது" என்று பதில். இரண்டு பாக்கெட் ஏற்கெனவே விதைத்தாயிற்று, மூன்று பாக்கி இருக்கிறது.

அப்பா ஏன் விழுந்தார் என்று எனக்குப் புரிகிறது. போன போகத்தில் நாலு நாளைக்கு ஒரு தடவை மருந்து அடித்தார். சாயங்காலம் அடிப்பார், மறுநாள் வெள்ளெனப் பறித்துச் சாக்கில் கட்டி பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்விடும். ராத்திரி கண் எரிகிறது என்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருப்பார். அப்படி அடித்தும் பாதிக்குப் பாதி சொத்தை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்று கிணற்றடியில் பத்து மூடு கத்தரிச் செடி தனியாக நிற்கும், அதற்கு மருந்தே கிடையாது.

இப்போது அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் எவரோ ஒரு வீடியோ அனுப்பி, மரபணு மாற்றின காயைத் தின்றால் கேன்சர் வரும், பிள்ளை பிறக்காது என்று ஏதேதோ வந்திருக்கிறது. "அந்தக் காய் என் சட்டியில ஏறாது" என்கிறாள். அப்பாவோ, "கடைக்காரன் பொய் சொல்லி என்ன செய்யப் போறான்" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

இது நிஜமாகவே பி.டி.யாக இருக்குமா? நடலாமா? தின்றால் ஏதாவது செய்யுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திட்டாமல் சொல்லுங்கள்.

---

கரிசல்காட்டான் (குருவிகுளம்):

தம்பி, கத்தரி எனக்குத் தெரியாது. பருத்தி தெரியும். அதைச் சொல்கிறேன், நீங்களே பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்க அய்யா காலத்தில் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்திதான். மானாவாரி, மழை பெய்தால் உண்டு, மருந்து என்ற பேச்சே கிடையாது, ஆனால் பஞ்சு குட்டை, விலையும் குட்டை. அப்புறம் ஹைபிரிட் வந்தது, கூடவே காய்ப்புழுவும் மருந்துக்கடைக் கடனும் வந்தன. 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தார்கள், எங்கள் பக்கம் வந்து சேர இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆனது. முதலில் ஒரு பாக்கெட் 1,600 ரூபாய் வரை விற்றது, 2006-ல் ஆந்திரா அரசு வழக்கு போட்டு மல்லுக்கு நின்ற பிறகுதான் 750-க்கு இறங்கியது.

உள்ளதைச் சொல்லணும் என்றால் முதல் ஆறேழு வருஷம் நன்றாகவே இருந்தது. பச்சைக் காய்ப்புழு கண்ணில் படவில்லை. பத்துத் தடவை அடித்த இடத்தில் மூன்று நாலு தடவை அடித்தோம், அதுவும் தத்துப்பூச்சிக்கும் அசுவினிக்கும்தான். அந்தக் காசில்தான் நான் போர் போட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஆரம்பித்தது. காய் வெளியே பார்த்தால் பொன்னாட்டம் இருக்கும், வெடிக்கும்போதுதான் உள்ளே மஞ்சள் அடித்து முடிச்சு முடிச்சாகப் பஞ்சு வரும். வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போடுவார். மறுபடியும் மருந்துக்கடைக்குப் போனோம், விதைக்கும் காசு, மருந்துக்கும் காசு.

இதில் எங்கள் தப்பும் உண்டு. அந்த டப்பாவுக்குள் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதை ஒரு குட்டிப் பையில் இருக்கும். ஓரத்தில் விதையுங்கள் என்று போட்டிருக்கும். எங்கள் ஊரில் ஒருத்தர்கூட விதைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. "காசு கொடுத்துப் புழுவுக்கு எதுக்குவே தீனி போடணும்" என்று தூக்கிப் போட்டோம். எதற்கு அது என்று கடையிலும் யாரும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

---

கிள்ளிகுளத்துக்காரி:

நான் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படித்தவள், பிறகு பருத்தி விதைப் பரிசோதனையில் பல வருஷம் வேலை. இப்போது வீட்டில். அதனால் நேரம் இருக்கிறது, எழுதுகிறேன்.

முதலில் கரிசல்காட்டான் அண்ணாச்சிக்கு. அந்தக் குட்டிப் பை புழுவுக்குத் தீனி போடத்தான், நீங்கள் சொன்னது சரி! பி.டி. செடியைத் தின்றும் சாகாத புழு எங்கேயோ ஒன்றிரண்டு இயற்கையிலேயே இருக்கும். ஊர் முழுக்க பி.டி. மட்டும் நின்றால் அந்த ஒன்றிரண்டுதான் மிஞ்சும், அதுகளுக்குள்ளேயே ஜோடி சேர்ந்து, பிறப்பதெல்லாம் சாகாத புழுவாகவே பிறக்கும். ஓரத்தில் சாதாப் பருத்தி இருந்தால் அங்கே சாதாப் புழு நிறைய வளர்ந்து அந்துப்பூச்சியாகி, இந்த முரட்டுப் பூச்சியோடு கலந்துவிடும். அதற்குப் பிறக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் மறுபடி பி.டி.க்குச் சாகும். நாட்டில் பெரும்பாலானவர்கள் அதை விதைக்கவில்லை. 2010-லேயே குஜராத்தில் இளஞ்சிவப்புப் புழு முதல் தலைமுறை பி.டி.க்கு அடங்கவில்லை என்று கம்பெனியே ஒத்துக்கொண்டது, பிறகு இரண்டு ஜீன் (மரபணு) வைத்த இரண்டாம் தலைமுறைக்கும் பழகிவிட்டது. ஹெக்டேருக்கு 300 கிலோ அளவில் இருந்த பஞ்சு 2007-08-ல் 550 கிலோவைத் தொட்டதும் உண்மை, அதற்குமேல் ஏறாமல் நின்றுபோனதும் உண்மை.

இப்போது கிணற்றடித் தம்பிக்கு.

இந்தியாவில் இன்றைய தேதிக்குச் சட்டப்படி வயலில் வளர்க்கிற மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். கத்தரிக்கு 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு சரி என்றது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் கூட்டம் போட்டுக் கேட்டார் (தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை, பக்கத்தில் என்றால் பெங்களூருதான்), 2010 பிப்ரவரி 9-ல் நிறுத்தி வைத்தார். அந்தத் தடை இன்னும் நீங்கவில்லை. ஆகையால் உங்கள் அப்பாவுக்குக் கொடுத்தது நிஜ பி.டி. என்றால் அது திருட்டு விதை. அப்படி நடக்காது என்று சொல்ல முடியாது, 2019-ல் ஹரியானாவில் ஃபதேகாபாத் பக்கம் ஒரு வயலில் பி.டி. கத்தரி பிடிபட்டு, செடிகளைப் பிடுங்கி அழித்தார்கள். விற்றவனுக்கு என்ன ஆனதோ, பயிர் போனது விவசாயிக்கு.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா? எங்கள் கிள்ளிகுளத்து வெள்ளைக் கத்தரி, கே.கே.எம். 1, குளத்தூர் நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது, கொத்துக்கொத்தாக முட்டைபோலக் காய்க்குமே, அதிலேயே பி.டி. ஜீனைக் கொண்டுவரும் வேலை கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மதுரை, பாலூர், கோவை ரகங்களும் அதில் இருந்தன. ஹைபிரிட் இல்லை, விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். தடை வந்ததும் எல்லாம் அலமாரிக்குள் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

தின்றால் என்ன ஆகும்? பி.டி. என்பது மண்ணில் இருக்கிற ஒரு பாக்டீரியா, பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். அது செய்கிற ஒரு புரதம் புழுவின் குடலில் போய்க் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடும். புழுவின் குடல் காரமானது, அதில்தான் அது வேலை செய்யும், ஒட்டுவதற்கான இடமும் புழுவின் குடலில்தான் இருக்கிறது. நம் வயிறு அமிலம், அங்கே மற்றப் புரதம் மாதிரி செரித்துப் போகும். இதே பாக்டீரியாவைப் பொடியாக்கித் தண்ணீரில் கலந்து இயற்கை விவசாயிகளே அடிக்கிறார்கள், அதைத் தப்பென்று யாரும் சொல்வதில்லை. வங்கதேசத்தில் 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு பி.டி. கத்தரி நாற்று கொடுத்து ஆரம்பித்தார்கள், அதுமுதல் அங்கே நட்டுத் தின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். கேன்சர் என்று சுற்றுகிற எலிப் படம் 2012-ல் பிரான்சில் வந்த கட்டுரையில் உள்ளது. எலிகளின் எண்ணிக்கை போதாது, அந்த எலி இனத்துக்கே வயதானால் கட்டி வரும் என்று சொல்லி அடுத்த வருஷமே அந்தப் பத்திரிகை திரும்பப் பெற்றுக்கொண்டது. வேறொரு பத்திரிகை மறுபடி போட்டது, அது வேறு கதை.

ஆனால் "மரபணு மாற்றியதெல்லாம் பத்திரம்" என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கணும். தொண்ணூறுகளில் சோயாவில் பிரேசில் கொட்டையின் ஜீனை வைத்தார்கள், அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்று பரிசோதனையிலேயே தெரிந்து கைவிட்டார்கள். 2000-ல் அமெரிக்காவில் மாட்டுத் தீவனத்துக்கு மட்டும் என்று அனுமதித்த ஒரு மக்காச்சோளம் மனிதர்கள் தின்கிற பண்டத்தில் கலந்து, கடை கடையாகத் திரும்ப எடுத்தார்கள். முதல் கதையில் பரிசோதனை வேலை செய்தது, இரண்டாவதில் களஞ்சியத்தில் கலப்பதைத் தடுக்க முடியவில்லை. நம்மூர்க் களஞ்சியத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருக்கிற பாக்கெட்டுக்கு இந்தப் பரிசோதனை எதுவும் பொருந்தாது, அது என்ன ஜீன் என்றே தெரியாதே. மூன்று பாக்கெட்டையும் அப்படியே வையுங்கள், விதைக்க வேண்டாம், தூக்கியும் போட வேண்டாம். நாற்று மூன்று நாலு இலை விட்டதும் சொல்லுங்கள், பருத்தி இலையில் பி.டி. புரதம் இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்த ஸ்ட்ரிப் இரண்டு மூன்று என்னிடம் கிடக்கிறது. பி.டி. கத்தரியில் இருப்பதும் பருத்தியின் முதல் ஜீனும் ஒரே புரதம்தான், பார்த்துவிடலாம்.

---

மெஸ் அக்கா (ஹைகிரவுண்டு):

நான் பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். ஒரு நாளைக்கு எட்டுக் கிலோ கத்தரி வாங்குகிறேன், அவியலுக்கும் புளிக்குழம்புக்கும். கிணற்றடித் தம்பி அந்தப் பத்து மூடு கதையை எழுதியதைப் படித்து எனக்கு வயிறு கலங்கிவிட்டது. எனக்குத் தெரியாதது இல்லை, மார்க்கெட்டில் காய் விற்கிற ஆச்சியே ஒருநாள் "இதை வாங்காத தாயி, பளபளன்னு இருக்கு பாரு" என்று ஓட்டை விழுந்த காயை எடுத்துத் தந்தாள். ஆனால் நான் ஓட்டைக் காயை நறுக்கிப் போட்டால் சாப்பிட வருகிறவர் புழுவைப் பார்த்துவிட்டு இலையை மூடிவிடுவார். புழு இருந்தாலும் வேண்டாம், மருந்து அடித்தாலும் வேண்டாம், மரபணு மாற்றினாலும் வேண்டாம் என்றால் எதைத்தான் சமைக்கிறது?

எனக்கு ஒரே ஒரு ஆத்திரம்தான். தின்கிறவளுக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பாக்கெட்டில் அடைத்த பண்டத்தில் மரபணு மாற்றுப் பொருள் இருந்தால் மேலே எழுத வேண்டும் என்று 2013 ஜனவரியில் விதி வந்ததாம், என் கடையில் வந்து இறங்குகிற ஒரு டின்னிலும் நான் பார்த்தது கிடையாது. சோயா எண்ணெய் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது, அங்கே சோயா ஏறக்குறைய முழுக்க மரபணு மாற்றியதுதானே. மிக்சர் பாக்கெட்டின் பின்னால் பருத்திவிதை எண்ணெய் என்று போட்டிருக்கும். எங்க மாமியார் வீட்டு மாடு தின்பது பருத்திக்கொட்டை, அது பி.டி. பருத்தியின் கொட்டை இல்லாமல் வேறு என்ன?

---

கிள்ளிகுளத்துக்காரி:

மெஸ் அக்கா சொல்வது சரி. சுத்திகரித்த எண்ணெயில் புரதம் கிட்டத்தட்ட இருக்காது, அதனால் அதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் எழுதிப் போட வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சே இல்லை.

---

ஐ.டி. மச்சான்:

சும்மா எல்லாரும் பயந்துகொண்டே இருங்கள். 140 கோடிப் பேருக்குச் சோறு வேண்டும், நிலம் பிளாட்டாகிக்கொண்டே போகிறது, மழை எப்போது வரும் என்று தெரியவில்லை. ஜி.எம். (மரபணு மாற்றுப் பயிர்) இல்லாமல் எப்படிச் சமாளிப்பீர்கள்? அமெரிக்காக்காரன் 1996-லிருந்து தின்கிறான், செத்தா போய்விட்டான்? நாம்தான் எதையும் விடமாட்டோம். பதினைந்து வருஷத்துக்கு முன்னாலேயே விட்டிருந்தால் இந்தத் தம்பி அப்பாவுக்குக் கண் எரிந்திருக்காது.

---

பிசானம் (அம்பாசமுத்திரம்):

ஐ.டி. மச்சான், கடைசி வரியை நான் ஒத்துக்கொள்கிறேன். முதல் வரிகளை இல்லை.

நான் நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவன். எங்களுக்குச் சோறு போட்டது எது தெரியுமா? அம்பை 16. எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஏ.டி.டி. 31-ஐயும் கோ 39-ஐயும் சாதாரணமாக ஒட்டிச் சேர்த்து 1986-ல் விட்ட ரகம். குண்டு நெல், இட்லிக்கு அதுதான், இன்னும் கார் போகத்தில் அதைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விதை நெல் நாங்களே எடுத்துக்கொள்வோம், பக்கத்து வயல்காரன் கேட்டால் ஒரு மரக்கால் கொடுப்போம், யாரும் வந்து என் சொத்து என்று கேட்டதில்லை.

2023 டிசம்பர் 17, 18 மறக்குமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி திரும்பி வயலுக்குள் வந்தது. நட்ட பிசானப் போக நெல் எல்லாம் தண்ணீருக்குள், என் வயலில் தொளியோடு சேர்த்து நாற்றும் போய்விட்டது. அப்போதுதான் முங்கினாலும் சாகாத நெல் இருக்கிறது, சி.ஆர். 1009 சப் 1 என்று சொன்னார்கள். அந்த ஜீன் ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து வந்தது, அதையும் ஒட்டிச் சேர்த்துத்தான் கொண்டுவந்தார்கள், மரபணு மாற்றம் இல்லை. எந்த நாற்றில் அந்த ஜீன் இறங்கியிருக்கிறது என்பதை மட்டும் ஆய்வுக்கூடத்தில் பார்த்து எடுத்தார்களாம். நமக்கு அது நாள் கூடிய ரகம், எங்கள் பட்டத்துக்குச் சரிவராது, ஆனால் வழி இருக்கிறது என்று தெரிந்தது.

உலகத்தில் நட்டிருக்கிற மரபணு மாற்றுப் பயிரில் பெரும்பங்கு எது? சோயா, மக்காச்சோளம், பருத்தி, கடுகு மாதிரி எண்ணெய் வித்து. பாதிக்கு மேல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும், துணிக்கும், பெட்ரோலில் கலக்கவும் போகிறது. குணம் என்ன? ஒன்று புழு தாங்கும், இல்லையென்றால் களைக்கொல்லி தாங்கும். விளைச்சலைக் கூட்டும் ஜீன் என்று ஒன்றை இன்னும் எவரும் என் கண்ணில் காட்டவில்லை. இதை வைத்து 140 கோடிக்குச் சோறு என்றால் எப்படி? எனக்கு நெல் விளையாமல் போனது விதையால் இல்லை, கார் போகத்தில் பாபநாசம் அணையில் தண்ணீர் இல்லை, பிசானப் போகத்தில் தண்ணீர் கூடிவிட்டது, அறுத்த நெல்லை வைக்க இடம் இல்லை. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் முளைத்ததை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

---

வாழைத்தோட்டம் (களக்காடு):

பிசானம் அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. இயற்கை விவசாயம் பேசின நம்மாழ்வார் அய்யா முதலில் வேலை பார்த்தது கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில், அதை விட்டுவிட்டு வந்து வேலை செய்தது எங்கள் களக்காட்டில். அவர் பி.டி. கத்தரியை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினபோது வயிற்று அமிலத்தைப் பற்றி மட்டுமா பேசினார்? விதை யார் கையில் என்றுதான் கேட்டார். கிள்ளிகுளத்து அக்கா எழுதின பதில் எல்லாம் வயிற்றைப் பற்றி. மன்னிக்கணும் அக்கா.

கத்தரிக்குத் தாய்வீடு நம் நாடு. வெள்ளை, பச்சை வரி, முள்ளுக் கத்தரி என்று ஊருக்கு ஒன்று இருக்கிறது. ஒரு ஜீன் மகரந்தத்தோடு பக்கத்துத் தோட்டத்துக்குப் போனால் திரும்பக் கூப்பிட முடியுமா? பருத்தியில் நடந்ததைப் பாருங்கள், பத்து வருஷத்துக்குள் கடையில் பி.டி. இல்லாத விதையே கிடைக்கவில்லை. கருங்கண்ணி விதை வேண்டும் என்று நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

---

கிள்ளிகுளத்துக்காரி:

மன்னிப்பு எதற்கு தம்பி. கிணற்றடித் தம்பி கேட்டது "தின்னலாமா" என்று, அதனால் வயிற்றைச் சொன்னேன். விதை யார் கையில் என்பது நியாயமான கேள்வி, பருத்தியில் நாம் தோற்றது அங்கேதான். எல்லாம் ஹைபிரிட்டில் மட்டும் வந்ததால் வருஷா வருஷம் வாங்கியே ஆக வேண்டியதாயிற்று. அதனால்தான் பல்கலைக்கழக ரகத்தில் வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2025 மே மாதம் டெல்லியில் இரண்டு நெல் ரகம் அறிவித்தார்கள், கமலா என்று ஒன்று, பூசா டி.எஸ்.டி. 1 என்று ஒன்று. அவை மரபணுத் திருத்தம், வேறு உயிரின் ஜீன் எதையும் வைக்கவில்லை, நெல்லின் சொந்த ஜீனிலேயே ஓர் இடத்தை வெட்டித் திருத்தியது. கமலா நம் எல்லோருக்கும் தெரிந்த பி.பி.டி. 5204 நெல்லிலிருந்து வந்தது. இந்த வகைக்கு 2022-லேயே பழைய விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். மரபணு மாற்றுக் கடுகுக்கோ 2022 அக்டோபரில் அனுமதி கொடுத்து, உச்ச நீதிமன்றத்தில் 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஜி.எம். என்று ஒரே சாக்கில் கட்டினால் பேச முடியாது. ரெட் லேடி பப்பாளியையும் விதையில்லாத் திராட்சையையும்கூட ஜி.எம். என்று என் சொந்தக்காரர்களே சொல்கிறார்கள், இரண்டும் இல்லை.

கிணற்றடித் தம்பி, பி.டி. வந்தாலும் வெள்ளை ஈ, செஞ்சிலந்தி, சிற்றிலை நோய் எதற்கும் அது கேட்காது, மருந்து குறையுமே தவிர நிற்காது. அதுவரைக்கும் இதைச் செய்யுங்கள்: நட்டுப் பதினைந்து இருபது நாளில் நுனி வாடித் தொங்கும், அந்தத் தண்டை வாரம் ஒருநாள் கிள்ளி எடுத்து எரித்துவிடுங்கள், வரப்பில் போடக் கூடாது. ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையை வைத்து ஆண் அந்துப்பூச்சியைப் பிடிப்பது) கட்டுங்கள். ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு அடியுங்கள். பழைய கத்தரி மாரைப் பிடுங்காமல் பக்கத்திலேயே விட்டு வைத்திருந்தால் எதுவும் பலிக்காது.

---

கிணற்றடி:

எல்லோருக்கும் நன்றி. நாற்று நாலு இலை விட்டதும் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கிள்ளிகுளத்து அக்காவைப் பார்த்து ஸ்ட்ரிப் வாங்கி வந்தேன் (மெஸ்ஸிலும் சாப்பிட்டேன், அவியல் நன்றாக இருந்தது, எந்தக் கத்தரி என்று கேட்கவில்லை). செய்கிற விதத்தை எழுதிக் கொடுத்திருந்தார்கள். சின்னக் குழாயின் மூடியால் இலையை அமுக்கினால் பொட்டு மாதிரி ஒரு துண்டு விழும், அதை அந்தக் கரைசலில் நசுக்கி, ஸ்ட்ரிப்பைச் சொருகிப் பத்து நிமிஷம் வைக்க வேண்டும். இரண்டு கோடு வந்தால் பி.டி., மேலே ஒரு கோடு மட்டும் வந்தால் இல்லை. அப்பா, அம்மா, பக்கத்துத் தோட்டத்து மாமா, எல்லோரும் பம்புசெட் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம்.

ஒரு கோடுதான் வந்தது. சந்தேகமாக இருந்ததால் வேறு பாத்தியில் இருந்து இன்னொரு இலை எடுத்துப் பார்த்தோம். அதிலும் ஒன்றுதான்.

---

கரிசல்காட்டான்:

அட சவமே! அப்போ வெறும் ஹைபிரிட்டை மூணு மடங்கு விலைக்கு வித்துருக்கான்.

---

கிள்ளிகுளத்துக்காரி:

ஹைபிரிட்டோ, ஹைபிரிட்டின் அடுத்த தலைமுறையோ, யாருக்குத் தெரியும். பாக்கி மூன்று பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் விதை ஆய்வாளரைப் பாருங்கள். பில் இல்லை என்பதால் காசு வராது. ஆனால் அடுத்தவர் வாங்காமல் இருப்பார்.

---

கிணற்றடி:

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். பாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம், எழுதி வாங்கிக்கொண்டார்கள். கடைக்காரர் இப்போது அப்பாவைப் பார்த்தால் டீக்கடைக்குள் போய்விடுகிறார்.

நாற்றைப் பிடுங்கிப் போட அப்பாவுக்கு மனசு வரவில்லை, பத்துச் சென்ட்டில் நட்டார். மீதி ஐம்பதில் அம்மா எடுத்து வைத்திருந்த நம் வெள்ளைக் கத்தரி விதை. மஞ்சளாகப் பழுத்த காயை நசுக்கி, அலசி, சாம்பல் கலந்து காயவைத்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள், அதில் பாதி முளைக்கவில்லை, ஆனாலும் போதுமான நாற்று கிடைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்துச் சென்ட்டில் நுனி வாடி நின்றது. ஒரு தண்டைக் கிள்ளி நகத்தால் பிளந்தேன். உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு புழு, நல்ல கொழுகொழுவென்று, வெயில் பட்டதும் நெளிந்தது. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "பி.டி.ன்னா புழுத் தீனிதானல்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளைக் கத்தரியிலும் இருக்கிறது, இல்லாமல் இல்லை. மூன்று பொறி கட்டியிருக்கிறேன், ராத்திரிக்கு ஏழெட்டுப் பூச்சி விழுகிறது. கிள்ளிகுளத்து அக்கா, பொறிக்குள் வைக்கிற அந்த வாசனை லூரை எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்? பாக்கெட்டில் போட்டிருந்தது, ஆனால் அப்பா அந்த அட்டையில் பீடியை நசுக்கிவிட்டார்.